பிள்ளையின் பல்லில் ஊர்க் கிணற்றின் கறை

ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த எம்மவர் குடும்பங்கள் சிலவற்றில் சொல்லப்படாத கவலையொன்று உண்டு. வவுனியாவிலோ அனுராதபுரத்திலோ வளர்ந்த பிள்ளையின் முன்பற்களில் வெண்திட்டுகளும் மண்ணிறக் கறைகளும் காணப்படும். எத்தனை முறை துலக்கினாலும் அவை மறைவதில்லை. பிள்ளையோ பாடசாலையில் சிரிப்பதற்கே கூச்சப்படும். இது அசுத்தத்தின் அடையாளம் அன்று. குடித்து வளர்ந்த நீரிலிருந்த புளோரைட்டே காரணமாக இருத்தல் கூடும்.

அலசன் குடும்பம்

ஆவர்த்தன அட்டவணையின் 17 ஆம் கூட்டத்தில் புளோரின், குளோரீன், புரோமீன், அயடீன் ஆகிய மூலகங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. இவற்றை அலசன்கள் என்பர். இவற்றின் அணுக்களது வெளியோட்டில் ஏழு இலத்திரன்களே உள்ளன. எட்டாவதைக் கவர முனைவது இவற்றின் பொது இயல்பு. இம்முனைப்பு புளோரினிடத்தே மிக அதிகம். ஆதலால் அதனைத் தனியே பிரித்தெடுப்பது பெரும் ஆபத்தான முயற்சியாயிற்று. 1886 இல் அதில் வெற்றிகண்ட பிரெஞ்சு விஞ்ஞானி ஹென்றி முவாசானுக்கு 1906 இல் நோபல் பரிசு கிடைத்தது. இலத்திரனைப் பெற்றபின் புளோரின் அடங்கிப் புளோரைட்டு ஆகின்றது. நீரில் இருப்பது இதுவே.

அளவில் உள்ளது நன்மை

இலங்கையின் வரண்ட வலயத்தில் பாறைகளிலிருந்து புளோரைட்டு நிலத்தடி நீரிற் கரைகின்றது. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அப்பகுதிக் கிணறுகள் பல இதனை மிஞ்சுகின்றன. முரசினுள் நிலையான பற்கள் உருவாகும் சிறுபராயத்தில் மிகையான புளோரைட்டு பல்லின் மிளிரியைப் பழுதாக்குகின்றது. பற்கள் உருவாகி முடிந்தபின் இக்கறை புதிதாக ஏற்படுவதில்லை.

அதே புளோரைட்டு சிறிதளவாயின் பற்சூத்தையைத் தடுக்கின்றது. கனடாவில் பிரான்ற்போட் நகரம் 1945 இலும் ரொறன்ரோ 1963 இலும் குடிநீரில் அதனைச் சேர்க்கத் தொடங்கின. ரொறன்ரோ நீரில் இன்று லீற்றருக்கு ஏறக்குறைய 0.6 மில்லிகிராம் உள்ளது. கல்கரி நகரம் 2011 இல் இதனை நிறுத்தியபின், தொடர்ந்து சேர்த்துவந்த எட்மன்ரனைவிட அங்கு சிறுவரின் பற்சூத்தை கூடுதலாகக் காணப்பட்டது. 2025 இல் கல்கரி மீண்டும் சேர்க்கத் தொடங்கியது.

இக்குடும்பத்தின் ஏனையோரும் எமது வீடுகளில் உள்ளனர். குளோரீன் குடிநீரின் கிருமிகளைக் கொல்கின்றது. அயடீன் கழலை நோயைத் தடுக்கின்றது. கனடா 1949 இலும் இலங்கை 1995 இலும் உப்பில் அதனைச் சேர்ப்பதைச் சட்டமாக்கின.

பெற்றோர் கவனத்திற்கு

ஊரிலுள்ள உறவினருக்கு ஒன்றை எழுதுங்கள்: நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், புளோரைட்டு போகாது, நீர் வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தலே வழி.

இங்கு மூன்று முதல் ஆறு வயது வரையான பிள்ளைகளுக்குப் பட்டாணி அளவு பற்பசை போதும். அதனை விழுங்காது துப்பப் பழக்குங்கள். கறைகளை மங்கச்செய்யவோ மூடவோ பல் வைத்தியரால் இயலும். வருமானம் குறைந்த குடும்பங்களின் 17 வயது வரையான பிள்ளைகளுக்கு ஒன்ராறியோ அரசின் இலவசப் பற்சிகிச்சைத் திட்டம் உண்டு. அதனை விசாரித்து அறியுங்கள். துலக்கவில்லை என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள்.