ஓய்வு பெற்ற ஆண்களுக்கு ஏன் ஒரு மன்றம்? ஹேவ்லாக் போன்ற தீவுக்கும் பொருந்தும் 'புரோபஸ்' வழிமுறை

பணி ஓய்வு பெறும் நாளில் சால்வை, மாலை, பாராட்டுரை ஆகிய அனைத்தும் கிடைக்கின்றன. ஓய்வூதியக் கணக்கும் தொடங்குகிறது. ஆனால், நாள்தோறும் பேசிப் பழகிய மனிதர்களின் துணையை இழப்பதற்கு எந்த அலுவலகமும் ஈடு வழங்குவதில்லை. இந்த இடைவெளியை நிரப்புவதற்காகத் தோன்றியவையே ஓய்வு பெற்ற ஆண்களுக்கான மன்றங்கள். இவை எவ்வாறு தோன்றின, எவ்வாறு இயங்குகின்றன, அந்தமானின் ஹேவ்லாக் போன்ற சிறிய தீவுக்கு இவை பொருந்துமா என்பதை இத்தொகுப்பில் காணலாம்.

ஆண்களுக்கு ஏன் தேவை?

பல ஆண்களின் நட்பு வட்டம் பணியிடத்தைச் சார்ந்தே அமைகிறது. உறவினர், அண்டை வீட்டார் ஆகியோருடனான தொடர்பைப் பேணுவதைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே கவனித்துக்கொள்கின்றனர். இதனால் வேலை முடிந்ததும் ஆணின் பேச்சுத் துணையும் சுருங்கிவிடுகிறது.

இந்தியாவில் 60 வயதை எட்டும் ஆண், சராசரியாக மேலும் ஏறத்தாழ 17 ஆண்டுகள் வாழ்கிறார். தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தோரின் பங்கு 2021இல் 13.6 சதவீதமாக இருந்தது என்றும், அது 2031இல் 18.2 சதவீதமாக உயரும் என்றும் மத்திய அரசின் மக்கள்தொகைக் கணிப்புகள் தெரிவிக்கின்றன.

தனிமை என்பது வெறும் மனக்குறை அன்று. உலகில் 6 பேரில் ஒருவர் தனிமை உணர்வால் பாதிக்கப்படுகிறார் என்றும், ஆண்டுக்கு சுமார் 8.71 லட்சம் இறப்புகளுடன் அதற்குத் தொடர்பு இருக்கிறது என்றும் உலக சுகாதார அமைப்பின் ஆணையம் 2025 ஜூன் மாதம் வெளியிட்ட அறிக்கை எச்சரித்துள்ளது.

இங்கிலாந்தில் தொடக்கம்

1965இல் இங்கிலாந்தின் வெல்வின் கார்டன் சிட்டி நகரில், ஓய்வு பெற்ற சிலர் கூடிப் பேசுவதற்கு பிரெட் கார்னில் என்பவர் ஏற்பாடு செய்தார். அடுத்த ஆண்டு கேட்டர்ஹாம் நகரில் ஹரால்டு பிளான்சர்டு இதே போன்றதொரு மன்றத்தைத் தொடங்கினார். இருவரும் ரோட்டரி சங்கத்தைச் சேர்ந்தவர்கள். தொழில்முறைப் பணி, வணிகம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முதல் மூன்று எழுத்துகளை இணைத்து 'புரோபஸ்' என்ற பெயர் உருவானது. நியூசிலாந்தில் 1974இலும், ஆஸ்திரேலியாவில் 1976இலும் இம்மன்றங்கள் கால் பதித்தன. தொடக்கத்தில் ஆண்களுக்கு மட்டுமாக இருந்த நிலை மாறி, மகளிர் மன்றங்களும் இருபாலருக்கான மன்றங்களும் பின்னர் உருவாகின.

கூட்டத்தில் என்ன நடக்கும்?

வழக்கமாக மாதம் ஒரு முறை காலை வேளையில் உறுப்பினர்கள் கூடுவர். தேநீர், சுருக்கமான அறிவிப்புகள், அதன்பின் விருந்தினர் உரை, கேள்வி பதில் என்று நிகழ்ச்சி அமையும். மருத்துவம், வரலாறு, பயணம், வங்கி மோசடி என எப்பொருளும் உரைக்கு உரியதாகலாம். நடைப்பயிற்சி, சீட்டாட்டம், நூல் வாசிப்பு, சிற்றுலா ஆகியவற்றுக்குத் தனிக் குழுக்கள் இயங்கும். கட்சி அரசியலுக்கும் மதப் பிரசாரத்துக்கும் இடமில்லை. நிதி திரட்டும் கடமையும் இல்லை. நட்புறவே நோக்கம் என்பதால் சந்தாவும் குறைவாகவே வைக்கப்படுகிறது.

விருந்தினர் உரைக்கு இதில் தனிச் சிறப்பு உண்டு. "எனக்குத் துணை வேண்டும்" என்று கேட்கத் தயங்குபவர்கூட, "இன்று இதய நோய் பற்றிப் பேசுகிறார்கள், கேட்டு வருகிறேன்" என்று கூறி வீட்டை விட்டுப் புறப்படுவார். உரை ஒரு காரணம், சந்திப்பே பயன்.

ஆஸ்திரேலியாவில் 1990களில் உருவான 'ஆண்கள் பட்டறை' இயக்கமும் இதே அடிப்படையில் இயங்குகிறது. அங்கு மர வேலை, பழுதுநீக்கம் போன்றவற்றில் சேர்ந்து ஈடுபடும்போதே பேச்சும் இயல்பாக வளர்கிறது.

இந்தியாவில் நிலை என்ன?

நம் நாட்டில் ஓய்வூதியர் சங்கங்களுக்கு நீண்ட மரபு உண்டு. ஓய்வூதியம் என்பது அரசின் கருணைக் கொடை அன்று, பணியாளரின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் 1982 டிசம்பர் 17 அன்று நகரா வழக்கில் தீர்ப்பளித்தது. அந்நாள் ஓய்வூதியர் நாளாக இன்றும் கடைப்பிடிக்கப்படுகிறது. எனினும், இச்சங்கங்களின் பெரும்பகுதி உழைப்பு நிலுவைத் தொகை, அகவிலைப்படி, மருத்துவக் காப்பீடு ஆகிய கோரிக்கைகளுக்கே செல்கிறது. தோழமைக்கான இடமாகத் தேநீர்க் கடையும் நூலகமும் பூங்காவும் கோயில் மண்டபமுமே பலருக்கு இருந்து வருகின்றன. அங்கெல்லாம் ஒருவர் வராமல் போனால் விசாரிப்பதற்கு வருகைப் பட்டியல் கிடையாது. மன்றத்தில் அது உண்டு.

ஹேவ்லாக் தீவுக்குப் பொருந்துமா?

2018 டிசம்பர் 30 அன்று ஸ்வராஜ் தீவு எனப் பெயர் மாற்றப்பட்ட ஹேவ்லாக்கில், 1950களில் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. அந்தமான் நிக்கோபார் மக்களில் 15.2 சதவீதத்தினர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்று 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கூறுகிறது. பிள்ளைகள் படிப்புக்காகவும் வேலைக்காகவும் கடல் கடந்து செல்லும்போது, தீவில் தங்கும் முதியவரின் தனிமை மேலும் கூடுகிறது.

அதே வேளையில், இத்தகைய தீவில் உரையாற்றத் தகுதியானவர்களுக்குப் பஞ்சமில்லை. காடு திருத்திக் குடியேறிய தலைமுறையின் பிள்ளைகள், 2004 சுனாமியை நேரில் கண்டோர், கப்பல் பணியாளர்கள், முக்குளிப்புப் பயிற்சியாளர்கள் ஆகியோர் அங்கு உள்ளனர். மரம் இழுக்கும் பணியில் ஈடுபடுத்தப்பட்டு, பின்னர் கடலில் நீந்தும் யானையாக உலகப் புகழ் பெற்ற ராஜன், 2016இல் மறையும் வரை வாழ்ந்ததும் இத்தீவில்தான். இவற்றை அறிந்தவர்கள் பேசினால், எழுதப்படாத வரலாறும் காக்கப்படும்.

ஆனால், ஒரு மாற்றம் கட்டாயம் தேவை. பதவி வகித்தோருக்கும் வணிகர்களுக்குமாகத் தொடங்கிய இவ்வழிமுறையை அப்படியே பின்பற்றினால், ஓய்வு பெறும் தேதியே இல்லாத மீனவரும் விவசாயியும் வெளியே நிற்க நேரிடும். முன்னாள் அதிகாரியும் படகோட்டியும் ஒரே வரிசையில் அமர்ந்தால்தான் சிறிய ஊரில் மன்றம் நிலைக்கும்.

தொடங்குவது எப்படி?

கட்டடமோ பெரும் நிதியோ தேவையில்லை. பள்ளி அறை அல்லது ஊராட்சிக் கூடம், மாதத்தில் மாறாத ஒரு நாள், அழைப்புப் பணியைச் சுழற்சி முறையில் ஏற்கும் இருவர், வராதவரை அன்றே தொலைபேசியில் விசாரிக்கும் ஒருவர் என இவையே போதும்.

உதவியோ ஆலோசனையோ தேவைப்படும் முதியோர், மத்திய அரசின் கட்டணமில்லா எண் 14567ஐத் தொடர்பு கொள்ளலாம்.