சாவி கை மாறும்போது

மாசி மாதம் பிறந்தால் வங்காலையிலிருந்து நானாட்டான் போகும் வீதியில் விடியுமுன்னே உழவு மெசின்களின் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரில் விளைந்த காலபோக நெல்லை வெட்டி ஏற்றும் காலம் அது. எங்களைக் கடலோர ஊர் என்பார்கள், ஆனால் வலையும் வயலும் சேர்த்து வைத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு. அப்படி ஒரு வீட்டில் ஒரு மெசின் நிற்கிறது என்றால், அது சொந்த வயலுக்கு மட்டும் வாங்கியதாக இருக்காது. சொந்த வேலை முடிந்ததும் வாடகைக்கு ஓடும். அந்த ஓட்டத்தில்தான் லீசிங் தவணை கட்டுப்படும், பிள்ளையின் படிப்புச் செலவு நடக்கும். ஆகவே வாடகைக்குப் போன மெசின் திரும்பி வராவிட்டால் ஒரு குடும்பத்தின் இரண்டு மூன்று வருட உழைப்பே போய்விடுகிறது.

பூட்டை உடைத்துக் கொண்டுபோகும் கள்வனுக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்கு அதைவிடப் பயம், சிரித்துப் பேசி முற்பணமும் தந்து சாவியை வாங்கிக்கொண்டு போகிறவரைப் பற்றித்தான். இரண்டும் இழப்புத்தானே என்று நினைக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு அவை வேறு வேறு. எங்கள் தண்டனைச் சட்டக் கோவை 1883 ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன் 366 ஆம் பிரிவின்படி களவு என்பது உங்கள் சம்மதமில்லாமல் உங்கள் வசத்திலிருந்து பொருளை எடுப்பது. நீங்களே சாவியைக் கொடுத்திருந்தால் அங்கே சம்மதம் இருக்கிறது. அந்த மனிதர் பிறகு மெசினை விற்றாலோ ஈடு வைத்தாலோ அது 388 ஆம் பிரிவு சொல்லும் நம்பிக்கை மோசடி. பொய்ப் பெயரும் பொய்க் கதையும் சொல்லித் தொடக்கத்திலேயே ஏமாற்றி வாங்கியிருந்தால் 398 ஆம் பிரிவின் வஞ்சனை. “என்ர மெசினைக் களவெடுத்திட்டான்” என்று பொலிஸ் நிலையத்துக்குப் போனவரிடம், “நீங்கள்தானே குடுத்தனீங்கள், இது காசுப் பிரச்சினை, வழக்குப் போடுங்கோ” என்று சொல்லி அனுப்பும் நிலைமை இந்த வித்தியாசத்தால்தான் வருகிறது. என்ன நிபந்தனையில், எத்தனை நாளுக்கு, யாரிடம் கொடுத்தீர்கள் என்பதற்கு ஒரு தாள் கையில் இருந்தால் அப்படிச் சொல்லி அனுப்புவது அவ்வளவு இலகுவல்ல.

அந்தத் தாளை எழுதத்தான் எங்களுக்குக் கூச்சம். வருகிறவர் தெரிந்தவரின் மச்சானாக இருப்பார், அன்னம்மாள் கோயில் திருவிழாவில் பார்த்த முகமாக இருப்பார். அவரிடம் அடையாள அட்டை கேட்பதா? கேட்கலாம் என்றுதான் சொல்வேன். எல்லோரிடமும் ஒரே மாதிரிக் கேட்டால் ஒருவருக்கும் மனம் நோகாது. தம்பியிடம் கேட்காமல் வெளியூர்க்காரரிடம் மட்டும் கேட்டால்தான் அது சந்தேகமாகத் தெரியும். நொத்தாரிசிடம் போகத் தேவையில்லை. அசையும் பொருளை வாடகைக்கு விட வாய்ப்பேச்சே சட்டப்படி செல்லும், எழுத்து வேண்டியிருப்பது பிறகு நிரூபிப்பதற்கு. அப்பியாசக் கொப்பியின் ஒரு பக்கம் போதும். கொடுத்த நாள், மணி, திரும்பி வரவேண்டிய நாள், வாடகை, என்ன வேலை, எந்த இடத்தில், யார் ஓட்டுவது, இரண்டு சாட்சிகள். இவ்வளவையும் எழுதிக் கீழே அவருடைய கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடையாள அட்டையைப் போட்டோ எடுத்து வைப்பதோடு நின்றுவிட வேண்டாம், இலக்கத்தை வாசியுங்கள். 2016 இலிருந்து வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க எண்ணில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு, ஆகவே மார்ச் 1 இல் பிறந்த ஆணுக்கு 061 வரும். பழைய ஒன்பது இலக்க அட்டையில் முதல் இரண்டும் வருடம், அடுத்த மூன்றும் நாள். முன்னால் நிற்பவருக்கு முப்பது வயதுகூட இருக்காது, இலக்கமோ 1962 இல் பிறந்ததாகச் சொல்கிறது என்றால் சாவியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையிலுள்ள விலாசத்தின் கிராம அலுவலருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்தால், அந்த ஆள் அங்கே இருக்கிறாரா என்பதும் தெரிந்துவிடும்.

மெசினுக்கும் அடையாளம் எழுத வேண்டும். நம்பர் பிளேட்டை யாரும் மாற்றலாம். இலக்கம் பதித்த தகட்டைத் திருகாணி கழற்றி எடுத்துவிடலாம். எஞ்சின் கட்டையிலேயே அடித்த இலக்கத்தை அழிப்பது அவ்வளவு சுலபமல்ல. அதை ஒருமுறை நீங்களே எடுத்துப் பாருங்கள். டீசல் துணியால் கிறீஸைத் துடைத்து, மெல்லிய வெள்ளைத் தாளை மேலே வைத்து, பென்சிலைச் சரித்துத் தேய்த்தால் இலக்கம் அப்படியே தாளில் எழும்பி வரும். சின்ன வயதில் சல்லிக் காசை வைத்துத் தேய்த்தோமே, அதே வேலைதான். அந்தத் தாளைப் பதிவுப் புத்தகத்தின் பிரதியோடு வீட்டில் வையுங்கள். புத்தகத்தின் மூலப் பிரதியை மெசினோடு ஒருபோதும் அனுப்ப வேண்டாம். புத்தகம் கையில் இருக்கிறவன்தான் ஈடு வைக்கப் போவான்.

இனி, அதிகம் பேசப்படாத ஒரு ஆபத்து. மெசின் களவு போகாமலே, அதை வாடகைக்கு எடுத்தவர் செய்த வேலையால் உங்களை விட்டுப் போகலாம். வயல் உழ என்று கொண்டுபோன மெசின் இரவில் பெட்டியைக் கொழுவிக்கொண்டு காட்டு மரம் ஏற்றுகிறது, அருவியாற்றுப் பக்கம் அனுமதியில்லாத மணல் அள்ளுகிறது. பிடிபட்டால் முதலில் நீதிமன்றம் போவது மெசின். 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டத்தின் 40 ஆம் பிரிவு, குற்றத்துக்குப் பாவித்த வாகனத்தைப் பறிமுதல் செய்ய இடம் கொடுக்கிறது. முன்பு சாரதி குற்றத்தை ஒப்புக்கொண்டதோடு சொந்தக்காரரின் லொறியும் போன நிலைமை இருந்தது. 1987 இல் மனவடு வழக்கில், பிரதம நீதியரசர் சர்வானந்தா தலைமையிலான உயர் நீதிமன்றம், குற்றத்தில் பங்கில்லாத உரிமையாளரைக் கேட்காமல் அவருடைய வாகனத்தைப் பறிக்க முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. வாடகைக்கு விடும் ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்புக்குக் கடமைப்பட்டவர்கள்.

ஆனால் 2009 ஆம் ஆண்டின் 65 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் ஒரு சுமையை உரிமையாளரின் தோளில் ஏற்றியது. அந்தக் குற்றம் நடவாமல் தடுக்க எல்லா முன்னெச்சரிக்கையும் எடுத்தேன் என்று நீதவான் திருப்திப்படும்படி அவரே நிரூபித்தால்தான் மெசின் திரும்பும். “களவு மரம் ஏத்தாதே எண்டு சொல்லித்தான் விட்டனான்” என்ற வாய்ச்சொல் மட்டும் போதாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்புகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆகவே அந்தக் கொப்பித் தாளில் இன்னும் ஒரு வரி வேண்டும். காட்டு மரமோ அனுமதிப் பத்திரமில்லாத மணலோ ஏற்ற மாட்டேன், குறித்த வேலையைத் தவிர வேறு வேலைக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று எடுப்பவர் கையெழுத்திட வேண்டும். அதற்குப் பிறகும் சும்மா இருக்கக் கூடாது. இரண்டு நாளைக்கு ஒருமுறை வயலுக்குப் போய்ப் பார்த்து, தேதியோடு ஒரு படம் எடுத்து வையுங்கள். எழுத்தும் மேற்பார்வையும் சேர்ந்தால்தான் நீதவானுக்குக் காட்ட ஏதாவது இருக்கும்.

எங்கள் ஊருக்கு இதில் கூடுதல் கவனம் தேவை. வங்காலைக் களப்பும் சுற்றுப்புறமும் 2008 இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010 இல் ராம்சார் ஈரநிலமானது. எல்லைக்குள் மண் வெட்டப் போன மெசினுக்கு வனசீவராசிகள் திணைக்களமும் வரும். பனையும் அப்படித்தான். பெண் பனையைத் தறிக்க 1951 ஆம் ஆண்டின் மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும். மரம் அரியும் செயின்சோவை வாடகைக்கு விடுகிறவர்கள் அந்த அனுமதிப் பத்திரத்தைக் கண்ணால் பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். 2019 இல் நாடு முழுவதும் செயின்சோக்களைப் பொலிஸில் பதியச் சொன்னார்கள். பதிவு உங்கள் பெயரில் இருந்தால், காட்டில் அகப்பட்ட செயின்சோவுக்கு முதலில் பதில் சொல்ல அழைக்கப்படுபவரும் நீங்கள்தான்.

ஓப்பன் பேப்பரில் வாங்கிய மெசின் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். விற்றவரின் கையெழுத்து மட்டும் போட்ட மாற்றப் படிவம் மேசை லாச்சியில் கிடக்கும், புத்தகத்திலோ இன்னும் அவருடைய பெயர். மெசின் காணாமல் போனாலும் பிடிபட்டாலும் “நான்தான் சொந்தக்காரன்” என்று சொல்லி நிற்க உங்களிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பெயருக்குரியவர் வெளிநாட்டிலோ இறந்தோ போயிருந்தால் இன்னும் சிக்கல். மாற்றக் கட்டணத்தை மிச்சம் பிடித்து மெசினைத் தொலைத்துவிட வேண்டாம். லீசிங் மெசின் என்றால் புத்தகத்தில் முற்றுரிமையாளராக இருப்பது கம்பனி. வாடகைக்கு விட ஒப்பந்தம் இடம் கொடுக்கிறதா என்று வாசித்துப் பாருங்கள். மெசின் போனாலும் தவணை நிற்காது. காப்புறுதியையும் அப்படியே வாசிக்க வேண்டும். மூன்றாந்தரப்புக் காப்புறுதி உங்கள் மெசினுக்கு ஒரு சதமும் தராது. முழுக் காப்புறுதி என்றாலும், வாடகைக்கு விடுவதை எழுதிக் கொடுத்திருக்கிறீர்களா, நம்பிக் கொடுத்து ஏமாந்த இழப்பும் அதில் அடங்குமா என்பதை முகவரிடம் எழுத்திலேயே கேளுங்கள்.

பூட்டு விசயத்துக்கு வருகிறேன். பழைய மசி பெர்குசன் போன்ற மெசின்களில் சாவியை நம்புவது வீண். ஒரே மாதிரி மெசின்களுக்குப் பெரும்பாலும் ஒரே சாவி பொருந்தும். அதோடு டீசல் எஞ்சின் ஓடத் தொடங்கினால் அதற்குச் சாவி தேவையே இல்லை, நிறுத்துவதற்கும் கம்பியைத்தான் இழுக்கிறோம். இன்னொரு மெசினால் இழுத்து ஸ்டார்ட் பண்ணலாம். அப்பா மாலையில் மெசினை நிறுத்தியதும் தாங்கிக்குக் கீழே குனிந்து டீசல் பைப்பை மூடிவிட்டுத்தான் கை கழுவுவார். பைப் மூடியிருந்தால் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடும், குழாயிலிருக்கும் டீசல் முடிந்ததும் அணைந்துபோகும். பிறகு பைப்பைத் திறந்தாலும் உடனே ஓடாது. குழாய்க்குள் காற்று ஏறியிருக்கும், நட்டைத் தளர்த்திக் கையால் பம்ப் அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த வேலையை நடு வீதியில் இருட்டில் செய்ய எந்தக் கள்வனுக்கும் மனம் வராது. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கலப்பை, ரொட்டவேட்டர், தண்ணீர் பம் இவற்றுக்குப் பதிவுப் புத்தகமே கிடையாது. தொலைந்தால் இது என்னுடையது என்று சொல்லவும் வழியில்லை. வெல்டிங் பட்டறைக்குக் கொண்டுபோய், வெளியே தெரியும் இடத்தில் ஒன்றும் சேறு பிடிக்கும் உட்பக்கத்தில் ஒன்றுமாக உங்கள் குறியைப் பற்றவைத்துவிடுங்கள். வெளிக் குறியைக் கிரைண்டரால் உரசுகிறவன் உள்ளே ஒன்று இருப்பதை அறியமாட்டான்.

ஜிபிஎஸ் கருவி பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நல்லதுதான். 2022 இல் உக்ரைனின் மெலித்தோபோல் நகரிலுள்ள விற்பனை நிலையமொன்றிலிருந்து ரஷ்யப் படையினர் ஜோன் டியர் இயந்திரங்களை அள்ளிச் செச்னியாவரை கொண்டுபோனதாகவும், போன வழியெல்லாம் திரையில் தெரிந்ததாகவும், தூரத்திலிருந்தே பூட்டப்பட்டதால் அவற்றை இயக்க முடியவில்லை என்றும் செய்தி வந்தது. புதிய இயந்திரங்களில் அப்படிப் பூட்டலாம். எங்கள் பழைய மெசினில் பூட்டுவதற்கு மின்னணு மூளை இல்லை. கருவி இடத்தை மட்டும் காட்டும். அதனுள்ளே சொந்தமாக ஒரு சின்ன பற்றரி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மெசின் பற்றரியைக் கழற்றியதும் உங்கள் போனுக்குத் தகவல் வர வேண்டும். சிம்முக்குக் காசு போட மறந்து கருவி ஊமையாகக் கிடப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

மணிக்கணக்கில் வாடகை பேசுகிறவர்கள் மீட்டரைப் பற்றியும் அறிந்திருக்க வேண்டும். பழைய மெசினில் மணி மீட்டரை ஒரு கேபிள்தான் சுற்றுகிறது. கையால் திருகிக் கழற்றினால் மீட்டர் நின்றுவிடும், வேலை நடக்கும், காசு வராது. கொடுக்கும்போது அந்த நட்டில் ஒரு சொட்டுப் பெயின்ற் வையுங்கள். கழற்றினால் பெயின்ற் வெடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் எல்லா வித்தியாசத்தையும் கள்ளமாக எண்ணிவிடவும் கூடாது. அந்த மீட்டர் எண்ணுவது எஞ்சின் சுற்றுகளை. குறித்த வேகத்தில் ஓடினால்தான் அதன் ஒரு மணி எங்கள் ஒரு மணியாகும். மெதுவாக ஓட்டிச் சேற்றில் வேலை செய்த நேர்மையான மனிதருக்கு மீட்டர் குறைவாகத்தான் காட்டும். இதை முதலிலேயே பேசிக்கொண்டால் வீண் சண்டை வராது. வாடகைப் பாக்கிக்கான தகராறு என்றால் மத்தியஸ்த சபை போதும், நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை.

சொன்ன நாளில் மெசின் வரவில்லை, போனும் வேலை செய்யவில்லை. அன்றைக்கே பொலிஸுக்குப் போங்கள். “நாளைக்குக் கொண்டுவாறன் அண்ணை” என்ற சொல்லை நம்பி ஒரு கிழமை பொறுத்தால் அதற்குள் மெசின் மதவாச்சி தாண்டி, இரண்டு கை மாறி, நல்ல மனத்தோடு காசு கொடுத்து ஈடு பிடித்த மூன்றாவது மனிதரிடம் நிற்கும். பிறகு அவரும் பாதிக்கப்பட்டவர், நீங்களும் பாதிக்கப்பட்டவர். முறைப்பாட்டில் “களவு” என்று மட்டும் எழுத விடாமல், இன்ன நிபந்தனையில் ஒப்படைத்தேன், இன்ன நாளில் திருப்பித் தரவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். கொப்பித் தாள், பென்சிலால் தேய்த்த இலக்கம், அடையாள அட்டைப் படம் மூன்றின் பிரதிகளையும் கொடுங்கள். முறைப்பாட்டுப் பிரதியை எடுத்து மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பெயர் மாற்றத்தை நிறுத்தி வைக்கக் கேளுங்கள். நானாட்டான் கமநல சேவை நிலையத்துக்கும் உங்கள் கமக்காரர் அமைப்புக்கும் சொல்லுங்கள். அறுவடைக் காலத்தில் எந்த மெசின் எந்த வயலில் நிற்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

மெசின் பிடிபட்டுப் பொலிஸ் முற்றத்தில் நின்றால், அதை விடுவிக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 431 ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் விண்ணப்பிக்க வேண்டும். தாமதிக்க வேண்டாம். கடற்கரைக் காற்றில் ஒரு மாரி நின்ற மெசினின் கதி இங்கே எல்லோருக்கும் தெரியும்.