பரியும் பரிவும்

தமிழில் குதிரைக்குப் பெயர்கள் பல. பரி, புரவி, மா, இவுளி, கலிமா என்பன அவற்றுட் சில. ஒரு விலங்குக்குப் பல பெயர் வழங்குதல், அதனோடு மக்கள் கொண்டிருந்த தொடர்பின் நெருக்கத்தைக் காட்டும். மதுரையைச் சூழ்ந்த நாட்டிலோ அத்தொடர்பு இன்றும் கண்ணுக்குப் புலனாகின்றது. சித்திரைத் திங்கள் முழுநிலா நாளில் கள்ளழகர் தங்கக் குதிரை மீது வையையாற்றில் எழுந்தருளுகின்றார். ஆவணி மூலத் திருவிழாவில், மாணிக்கவாசகர் பொருட்டு இறைவன் நரியைப் பரியாக்கிய திருவிளையாடல் கொண்டாடப்படுகின்றது. ஊர்ப்புறத்து ஐயனார் கோயில்களில் சுடுமண் குதிரைகள் அணிவகுத்து நிற்கின்றன. மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் பெருவழியில் உள்ளது விளாங்குடி. 2011ஆம் ஆண்டில் மதுரை மாநகராட்சியோடு இணைந்த இவ்வூரைக் கடந்து இன்று பேருந்துகளும் சரக்கு வண்டிகளும் ஓயாது விரைகின்றன. மதுரைத் தெருக்களில் குதிரைவண்டிகள் மணியொலிக்க ஓடிய காலத்தை முதியோர் இன்னும் மறந்திலர்.

பொன்னாலும் மண்ணாலும் குதிரை செய்து போற்றும் நாம், உயிருள்ள குதிரையின் உள்ளத்தை அறிந்துள்ளோமா? குதிரைக்கு மனிதனிடத்து அன்பு உண்டா? உண்டெனின், அவ்வன்பு எல்லாக் குதிரைகளிடத்தும் ஒத்திருக்குமா? அன்றி இனத்துக்கு இனம் வேறுபடுமா? இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

முதற்கண் குதிரையின் இயல்பை அறிதல் வேண்டும். குதிரை புல் தின்னும் விலங்கு, கூட்டமாக வாழ்வது, ஊன் தின்னும் விலங்குகளுக்கு இரையாவது. ஆதலின் அச்சமே அதற்கு இயற்கை அளித்த காவல். அதன் கண்கள் தலையின் இரு புறத்தும் அமைந்துள்ளமையால், ஏறத்தாழத் தன்னைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் அது காணவல்லது. நேர் பின்புறமும், நெற்றிக்கு முன்னே மிக அண்மையிலுள்ள சிறிது இடமும் மட்டுமே அதன் பார்வைக்கு எட்டா. ஓசையின்றிப் பின்னால் வருபவரைக் குதிரை உதைப்பது பெரும்பாலும் வன்மத்தால் அன்று. வந்தவர் யாரென அறியாத அச்சத்தால் ஆகும்.

இங்ஙனம் அஞ்சி வாழும் விலங்கு, தன் முதுகின் மேல் ஒருவனை ஏற்றிக்கொள்ளுதல் வியப்பிற்குரியது. காட்டில் தன் முதுகின் மேல் பாய்வது கொடிய விலங்கே என்பது அதன் பிறவியறிவு. அவ்வறிவையும் அடக்கிக்கொண்டு மனிதனைச் சுமக்கின்றது எனின், அது நம்மிடத்து வைத்துள்ள நம்பிக்கை எத்துணைப் பெரிது! குதிரையின் அன்புக்கு அடிப்படை இந்நம்பிக்கையே.

நாய் வாலை ஆட்டித் துள்ளிக் குதித்துத் தன் அன்பைக் காட்டும். குதிரை அங்ஙனம் செய்வதில்லை. அதன் அன்பு அடக்கமானது. தன்னைப் பேணுபவர் வரும்போது தாழ்ந்த குரலில் மெல்லக் கனைக்கும். செவிகளை முன்னோக்கித் திருப்பும். தலையைத் தாழ்த்தித் தானே அருகில் வந்து நிற்கும். இரண்டு குதிரைகள் நட்புற்றால், ஒன்றன் பிடரியடியை மற்றொன்று பல்லால் மெல்லச் சொறிந்துவிடும். அவ்விடத்தை மனிதர் தேய்த்துவிடினும் குதிரையின் இதயத் துடிப்புத் தணிகின்றது என 1993ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சட்டைப்பையில் மூக்கை நுழைத்துத் துழாவுதலை மட்டும் அன்பென்று கருதிவிடலாகாது. அது பையிலுள்ள வெல்லத்தின்மேல் கொண்ட விருப்பமாகவும் இருக்கலாம்.

செவிகளைப் பின்னோக்கி மடித்தலும், வாலை விசிறியடித்தலும், உதடுகளை இறுக்குதலும் அச்சம், சினம், வலி ஆகியவற்றின் அறிகுறிகள். இங்கு மற்றொன்றையும் அறிதல் வேண்டும். நொண்டும் குதிரையே காட்டில் முதலில் இரையாகும்; ஆதலின் வலியை மறைத்தல் குதிரையின் இயல்பு. அசையாது, எதனையும் நோக்காது நிற்கும் குதிரையைக் கண்டு, ‘இது மிகச் சாது’ என்று நாம் மகிழ்வோம். அதுவோ நோயாலும் களைப்பாலும் உள்ளம் ஒடுங்கி நிற்பதாக இருக்கலாம். பேச்சில்லா உயிரின் அமைதியைப் பிழைபட உணர்தல் அவ்வுயிர்க்கே கேடாய் முடியும்.

இனி, இன வேறுபாட்டை நோக்குவோம். மேனாட்டார் குதிரையினங்களைச் சூடான குருதியின, குளிர்ந்த குருதியின எனப் பகுப்பர். இப்பகுப்புக் குருதியின் வெப்பம் பற்றியதன்று, குணம் பற்றியது. அரபு நாட்டுக் குதிரைகளும், அவற்றின் வழிவந்த ஆங்கிலப் பந்தயக் குதிரைகளும் முதல் வகையைச் சார்ந்தவை. இவை விரைவுடையன, நுண்ணிய உணர்வுடையன, சிறு ஓசைக்கும் துணுக்குறுவன. இங்கிலாந்தின் ஷையர் முதலிய பாரம் இழுக்கும் குதிரைகள் இரண்டாம் வகையைச் சார்ந்தவை. ஆயிரம் கிலோ அளவும் எடை கொள்ளும் இப்பேருடல் குதிரைகள், எளிதிற் கலங்காத பொறுமையுடையன. உருவிற் சிறிய மட்டக்குதிரைகளோ கூரிய அறிவும், வேண்டாத வேலையைத் தட்டிக்கழிக்கும் சூழ்ச்சியும் உடையன என்று பெயர் பெற்றவை.

அரபுக் குதிரை மக்களோடு நெருங்கிப் பழகுவதற்குக் காரணம் யாது? பாலைவனத்து நாடோடி மக்கள் தம் போர்க் குதிரைகளைத் தாம் வாழும் கூடாரத்தினுள்ளேயே வைத்துப் பேணினர். குழவிகளின் நடுவே வளர்ந்த குதிரை குடும்பத்துள் ஒன்றாயிற்று. நம் நாட்டு மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளும் இத்தகையன. நுனிகள் ஒன்றையொன்று நோக்கி வளைந்த செவிகளால் இவ்விரு இனங்களையும் எளிதில் அறியலாம். 1576ஆம் ஆண்டு ஹல்திகாட்டிப் போரில், காலிற் புண்பட்ட பின்னரும் மகாராணா பிரதாப்பைச் சுமந்துசென்று காத்து, அதன்பின் உயிர்விட்ட சேதக் என்னும் குதிரையின் கதையை இராசத்தான மக்கள் வழிவழியாகப் போற்றி வருகின்றனர்.

ஆயின், அன்பு முழுவதும் இனத்தைப் பொறுத்ததோ எனின், அன்று. எட்டு இனக் குதிரைகளின் குணங்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2008ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அச்சமும் துடிப்பும் இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபடுவதை அது காட்டியது. பிற பண்புகள் அனைத்தும் அவ்வளவு வேறுபடவில்லை. ஒரு குதிரை எவ்வளவு விரைவில் மருளும் என்பதை இனம் ஒருவாறு உணர்த்தும். அது யாரை நம்பும் என்பதையோ வளர்ப்பே உணர்த்தும்.

இவ்வுண்மைக்குப் பாண்டிய நாட்டின் வரலாறே சான்றாகும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்நாட்டிற்கு வந்த மார்க்கோ போலோ, இங்கு நிகழ்ந்த குதிரை வாணிகத்தைக் குறித்துள்ளார். பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகள் கப்பலேறித் தாமிரபரணிக் கரையிலுள்ள காயல் துறைமுகத்தில் வந்திறங்கின. இந்நாட்டை ஆண்ட அரச உடன்பிறப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்ட குதிரைகளைப் பெரும்பொருள் தந்து வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் அவற்றுள் 100 குதிரைகள்கூட எஞ்சவில்லை என்றும் அவர் எழுதுகின்றார். குதிரையைப் பேணத் தெரிந்தவர் இல்லாமையே இவ்விழப்பிற்குக் காரணம் என்பது அவர் கூற்று.

பாண்டியர் குதிரைகளை வெறுத்தனரா? இல்லை. வசாப் என்னும் பாரசீக வரலாற்றாசிரியர் கூறுவதைக் கேண்மின்: இந்நாட்டார் குதிரைகளுக்கு வறுத்த வாற்கோதுமையையும், நெய்யிட்டுச் சமைத்த தானியத்தையும் ஊட்டினர், காய்ச்சிய பசும்பாலைப் பருகக் கொடுத்தனர், கொழுக்க வேண்டுமென்று நாற்பது நாள் முளையடித்துக் கட்டிவைத்தனர், பின்னர்ப் பயிற்சியின்றி ஏறி ஓட்டினர். நெய்யும் பாலும் தம் மக்களுக்கு ஊட்டும் சிறந்த உணவுகள் அல்லவா? அவற்றையே குதிரைக்கும் ஊட்டினர். குதிரையோ நாளின் பெரும்பகுதி நடந்து நடந்து சிறிது சிறிதாகப் புல் மேய்வதற்கென்றே அமைந்த உடலுடையது. அதன் இரைப்பை சிறியது. உண்டது ஒவ்வாவிடின் வாந்தியெடுக்கவும் அதனால் இயலாது. கொழுத்த உணவும் அசையா வாழ்வும் அதற்கு வயிற்று நோயையும் குளம்பு நோயையும் தரும். நாட்டின் தட்பவெப்பமும் ஒவ்வாததாயிற்று. பொருளும் விருப்பமும் குறைவின்றி இருந்தன. அறிவு ஒன்றே குறைந்தது. அக்குறைக்கு விலையாகக் குதிரைகள் உயிரைக் கொடுத்தன.

இதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே புறநானூற்றுப் புலவர் பொன்முடியார் இதனோடு ஒத்த ஒரு காட்சியைக் காட்டினார். பருத்தியை வேலியாகக் கொண்ட சீறூர் மன்னனுடைய குதிரை உழுந்தின் சக்கை தின்று வளர்ந்தது, தளர்ந்த நடையுடையது. பெருவேந்தருடைய குதிரைகளோ நெய் பெய்து பிசைந்த உணவுண்டு, பிடரிமயிர் கொய்து ஒப்பனை செய்யப்பெற்றவை. போர் மூண்டபோது சீறூர்க் குதிரை பகைப்படையைப் பிளந்து சென்றது. நெய்யுணவு உண்ட குதிரைகள் அஞ்சிப் பின்னின்றன. குதிரையின் வீரத்தைப் பாட அக்காலத்தே ‘குதிரை மறம்’ என்று தனித்துறையே வகுத்திருந்தனர் எனின், அவ்விலங்கின் உள்ளத்திற்கு நம் முன்னோர் தந்த மதிப்பு விளங்கும்.

பலர்க்கு அடங்காத குதிரை ஒருவர்க்கு அடங்குதலும் உண்டு. தில்லிப் பாதுசாவின் வீரர் எவர்க்கும் அடங்காத பாராசாரி என்னும் குதிரை, இளைஞன் தேசிங்குக்கு அடங்கியது என்று தேசிங்குராசன் கதைப்பாடல் கூறும். 1714ஆம் ஆண்டில் போரில் மாண்ட செஞ்சி மன்னனே அத்தேசிங்கு. கதையிற் கற்பனை கலந்திருப்பினும், ஏறுபவர்க்கு ஏற்பக் குதிரை வேறாகும் என்பது மெய்யே.

அவ்வாறு வேறாவது எதனால்? குதிரை நம்மை நுணுகி நோக்குகின்றது என்பதே விடை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், செருமனி நாட்டில் ஹான்ஸ் என்னும் குதிரை கணக்குப் போடுவதாகப் புகழ்பெற்றது. கேட்ட கணக்கிற்கு விடையான எண்ணிக்கையைக் குளம்பால் தட்டிக் காட்டியது. 1907ஆம் ஆண்டில் ஆஸ்கார் பிபுங்ஸ்ட் என்னும் அறிஞர் இதன் உண்மையை வெளிப்படுத்தினார். கேட்பவர்க்கே விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை வரவில்லை. சரியான எண்ணை அடைந்ததும் கேட்பவரது முகத்திலும் தலையிலும் தம்மையறியாது தோன்றிய மிகச் சிறிய அசைவைக் கண்டே அது தட்டுதலை நிறுத்தியது. கணக்கு அறியாத குதிரை, மனிதரை அறிந்திருந்தது!

2016ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார், சினந்த முகப்படத்தைக் கண்ட குதிரைகளின் இதயம் விரைந்து துடிப்பதைக் கண்டனர். ஒருவரது சினமுகத்தைப் படத்திற் கண்ட குதிரை, சில மணி நேரங் கழித்து அவரை நேரிற் கண்டபோதும் ஐயத்தோடு நோக்கியது என்பது 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. உணவைப் பரிசாகத் தந்து இனிதே பழக்கிய குதிரைகள், திங்கள் பல கழிந்த பின்னரும் மனிதரை நாடி வந்தன என்று பிரான்சு நாட்டு அறிஞர் 2010ஆம் ஆண்டில் எழுதினர். ஒரு நாளைய அடி ஒரு நாளோடு மறைவதில்லை. ஒரு நாளைய அன்பும் அவ்வாறே.

மாணவர்களே! ஈரோடு மாவட்டத்து அந்தியூரில் ஆடித் திருவிழாவையொட்டிக் குதிரைச் சந்தை கூடுகின்றது. உதகையிலும் கொடைக்கானலிலும் குதிரைகள் மக்களை ஏற்றித் திரிகின்றன. குதிரை வாங்குவோர் சுழி பார்த்தலும் பல் பார்த்தலும் நம் நாட்டு வழக்கம். பல் அகவையைக் காட்டும். சுழியோ குணத்தைக் காட்டாது. சுழி தீதென்று ஒதுக்கப்பட்டு, பேணுவாரின்றி வாடும் குதிரையின் பிழை யாது? குணம் அறிய விரும்பின் அதன் செவியையும் கண்ணையும் நோக்குக. அதனைப் பேணியவர் கையையும் நோக்குக.

நீங்கள் குதிரையை அணுக நேரின், பின்புறமாகச் செல்லாதீர்கள். உரியவரது இசைவு பெற்று, அது காணுமாறு தோளின் பக்கமாக, மெல்லப் பேசிக்கொண்டே செல்லுங்கள். கையை முகரவிடுங்கள். அது விலகினால் வற்புறுத்தாதீர்கள். முதுகிற் புண்ணுள்ள குதிரையின்மேலும், நொண்டும் குதிரையின்மேலும் ஏறாதீர்கள். விலங்குகளை அடித்தலும் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுதலும் 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றங்களாகும்.

பாரதத்தில் நளன், ‘அசுவ இருதயம்’ என்னும் கலையில் வல்லவனாய் இருந்தான். குதிரையின் உள்ளத்தை அறியும் கலை என்பது அதன் பொருள். தேரோட்டியாய் மறைந்து வாழ்ந்த நாளில், இருதுபன்னன் என்னும் அரசன் தான் அறிந்த சூதாட்ட நுட்பத்தை நளனுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக இக்கலையைப் பெற்றான். முடிமன்னனும் விரும்பிய கலை அது. பொறுமையும் கூர்ந்த நோக்கும் உடையார் எவரும் அதனைக் கற்கலாம்.