பணிசெயல் முறைமையின் மறுநிறுவலும் பயனர் கோப்புகளின் மீட்பும்: மட்டக்களப்பு வாவிப் பிரதேச ஆய்வாளர் நோக்கில் சில குறிப்புகள்

I

கணினியின் பணிசெயல் முறைமை பழுதுறும்போது அதனை நீக்கி மீண்டும் நிறுவுதல் இன்று சர்வசாதாரணமானதொரு செயலாகிவிட்டது. தமிழகத்தில் இயங்குதளம் என வழங்கும் இதனை நமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை எனக் குறிப்பிடுவதால் அவ்வழக்கையே இங்கு கையாள்கின்றோம். மட்டக்களப்பு நகரிலோ களுவாஞ்சிகுடியிலோ ஏறாவூரிலோ உள்ள திருத்தகமொன்றில் அரை நாளில் முடிந்துவிடும் வேலை இது. ஆயின், திருத்திய கணினியை வீட்டுக்குக் கொண்டுவரும் ஆய்வாளர் தாம் பல்லாண்டுகளாகத் திரட்டிய கூத்துப் பிரதிகளையும் நாட்டார் பாடல்களையும் காணாது திகைப்பதும், காணப்படுபவை வாசிக்க இயலாத எழுத்துக் குவியல்களாய் நிற்பதும் நாம் அறிந்தனவே.

இப்பிரச்சினை அண்மைக் காலத்தில் முனைப்புப் பெற்றமைக்குப் புறநிலைக் காரணங்கள் உள. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீடித்த மின்வெட்டுகள் திடீரென அணையும் கணினிகளின் கோப்பு முறைமைகளைச் சிதைக்கவல்லனவாயிருந்தன. அதே ஆண்டில் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது புதிய கணினி வாங்குதல் ஆசிரியருக்கும் மாணவருக்கும் எட்டாததாயிற்று. 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு மைக்ரோசொப்ற் நிறுவனம் விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11ஐ ஏற்க இயலாத பழைய பொறிகளை வைத்திருப்போர் லினக்ஸ் போன்ற வேறு முறைமைக்கு மாறுவதா, உள்ளதைக்கொண்டே காலங்கழிப்பதா என்ற கேள்விக்கு உள்ளாகியுள்ளனர். எனவே மறுநிறுவல் என்பது தனிமனிதரின் கவனக்குறைவால் மட்டும் நேர்வதன்று. சந்தையும் நாட்டின் பொருளாதார நிலையும் பயனர்மீது சுமத்தும் ஒன்றாகவும் அது உள்ளது.

கோப்பும், அதனை வாசிக்கவும் எழுதவும் துணைநிற்கும் அமைப்புகளும் ஒரே மனித உழைப்பின் விளைபொருள்கள் என்பதும், ஒன்றைக் கைவிட்டு மற்றதை மாத்திரம் மீட்பது அரைகுறை மீட்பே என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடாகும்.

II

மறுநிறுவலின்போது நிகழ்வதை விளங்கிக்கொள்ளக் கணினியில் உள்ளவற்றை மூன்றாகப் பகுத்து நோக்கலாம். பணிசெயல் முறைமை முதலாவது. அதன்மேல் இயங்கும் செயலிகள் இரண்டாவது. பயனர் தம் உழைப்பால் ஆக்கிய கோப்புகளும் அமைப்புகளும் மூன்றாவது. முதலிரண்டும் பண்டங்கள்; இழப்பின் மீண்டும் பெறக்கூடியவை. மூன்றாவதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. எனினும் விண்டோஸ் முறைமையின் இயல்பான ஏற்பாட்டில் இம்மூன்றும் 'சி' எனப்படும் ஒரே பகுதியிலேயே வைக்கப்படுகின்றன. உற்பத்தியாளரின் பொருளும் நிறுவனத்தின் பொருளும் ஒரே களஞ்சியத்தில் கிடப்பதே இழப்பின் முதற் காரணம் எனலாம்.

மறுநிறுவல் பொதுவாக மூன்று வழிகளில் இடம்பெறும். 'எனது கோப்புகளை வைத்திரு' என்ற தெரிவுடன் கணினியை மீளமைப்பது முதல் வழி. இதில் பயனரின் சொந்தக் கோப்புகள் எஞ்சும். பின்னர் நிறுவிய செயலிகளும் மாற்றிய அமைப்புகளும் நீங்கும். வன்தட்டை அழிக்காமல் அதே பகுதியில் புதிய முறைமையை நிறுவுவது இரண்டாவது வழி. இங்கு பழைய முறைமை முழுவதும் 'விண்டோஸ்.ஓல்ட்' என்னும் கோப்புறைக்குள் ஒதுக்கப்படுகின்றது. அதனுள் 'யூசர்ஸ்' என்ற பகுதியைத் திறந்து பழைய பயனர் பெயரைத் தெரிந்தால் ஆவணங்கள், மேசைமுகப்பு, பதிவிறக்கங்கள் ஆகியவற்றைக் காணலாம். புதிய பதிப்புக்கு உயர்த்தும்போது உருவாகும் இக்கோப்புறையை முறைமையே பொதுவாக 10 நாட்களின் பின் நீக்கிவிடும். ஆகவே தாமதமின்றி அதனைப் புறத் தட்டொன்றிற்குப் படியெடுப்பது அவசியம்.

மூன்றாவது வழி, திருத்தகங்களில் 'போமற் அடித்தல்' எனப்படும் முழு அழிப்பு. விரைவான போமற் கோப்புகளின் அட்டவணையைப் புதிதாக்குகின்றதே தவிர, உள்ளடக்கத்தை உடனே துடைப்பதில்லை. நூலகமொன்றின் பட்டியலைக் கிழித்துவிட்டு நூல்களை அலுமாரியிலேயே விட்டுவைத்த நிலைக்கு இதனை ஒப்பிடலாம். ஆயின் புதிய முறைமை நிறுவப்படும்போது அந்த அலுமாரியின் ஒரு பகுதியில் புதிய பொருள் அடுக்கப்படுகின்றது, அவ்விடத்திலிருந்தவை மீளா. எனவே இழப்பை உணர்ந்தவுடன் அக்கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்தித் தட்டைக் கழற்றி, வேறொரு கணினியில் இணைத்துத் தேட வேண்டும். மீட்பவற்றை வேறொரு தட்டிலேயே பதிய வேண்டும். டெஸ்ற்டிஸ்க், போட்டோரெக் ஆகிய கட்டற்ற மென்பொருள்கள் இப்பணிக்கு உதவுகின்றன. முன்னது சிதைந்த பகுதி அட்டவணைகளைச் சீர்செய்ய முயலும். பின்னது கோப்புகளை அவற்றின் உள்ளமைப்பைக்கொண்டு இனங்காணும். போட்டோரெக் மீட்பவை பழைய பெயர்களையும் கோப்புறை ஒழுங்கையும் இழந்தே வரும்.

இங்கு இரு வரையறைகள் மனங்கொள்ளத்தக்கன. புதிய கணினிகளிலுள்ள திண்மநிலைத் தட்டுகளில், நீக்கப்பட்ட இடங்களை முறைமை தட்டுக்கு அறிவிக்க, தட்டு அவற்றைத் தானே வெறுமையாக்கிக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. ஆதலின் அழிந்தவற்றை மீட்கும் வாய்ப்பு மிகக் குறைவு. இரண்டாவதாக, பிற்லொக்கர் என்னும் மறையாக்கம் இயங்கிய தட்டாயின் 48 இலக்க மீட்புச் சாவியின்றி அதனைத் திறக்க இயலாது. அச்சாவியை முன்கூட்டியே கடதாசியில் எழுதிவைத்தல் நன்று.

III

கோப்பு கண்ணுக்குத் தெரிந்தும் திறக்க மறுக்கும் நிலையொன்றும் உண்டு. பழைய கோப்புறையைத் திறக்க முயலும் பயனருக்கு 'உமக்கு அனுமதியில்லை' என்ற அறிவித்தல் கிடைக்கின்றது. பயனரைப் பணிசெயல் முறைமை பெயரால் அறிவதில்லை. ஒவ்வொரு நிறுவலிலும் புதிதாக வழங்கப்படும் அடையாள எண்ணாலேயே அறிகின்றது. மறுநிறுவலின் பின் அதே பெயரில் கணக்கைத் தொடங்கினாலும் அவர் முறைமைக்குப் புதிய ஆள். உழைத்தவரே தம் விளைபொருளின் முன் அந்நியராய் நிற்கும் இந்நிலை மார்க்சியம் பயின்றோருக்குப் புதியதன்று. எனினும் இவ்விடத்தில் அதற்குப் பரிகாரம் எளிது. நிருவாகி அதிகாரமுள்ள கணக்கில் நுழைந்து, கோப்புறையின் பண்புகளில் பாதுகாப்பு என்ற பகுதிக்குச் சென்று உரித்தாளரை மாற்றிக்கொண்டால் கோப்புகள் திறக்கும்.

லினக்ஸ் முறைமைகளில் பயனரின் வீட்டுக் கோப்புறையைத் தனிப் பகுதியாக வைத்துக்கொள்ளலாம். மறுநிறுவலின்போது அப்பகுதியை அழிக்காது விட்டு, பழைய பயனர் எண்ணையே மீண்டும் வழங்கினால் கோப்புகளும், புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு மறைந்திருக்கும் அமைப்புகளும் பெரும்பாலும் முன்போலவே இயங்கும். உழைப்பின் விளைவை நிறுவனப் பண்டத்திலிருந்து பிரித்துவைக்கும் இவ்வொழுங்கை விண்டோஸ் பயனரும் ஓரளவு பின்பற்றலாம். ஆவணங்களை 'டி' பகுதிக்கு மாற்றிவைத்தல் அதன் முதற் படியாகும். ஆயின் தட்டே பழுதுறும்போது இரு பகுதிகளும் ஒருங்கே அழியும் என்பதை மறத்தலாகாது.

IV

திருத்துநர் வழமையாக ஆவணங்களையும் படங்களையும் பற்றியே வினவுவர். எழுத்துருவும் விசைப்பலகையும் சொல்லகராதியும் பெரும்பாலும் வினவப்படுவதில்லை. ஆங்கிலத்தில் எழுதுவோருக்கு இது பேரிழப்பன்று. தமிழில், குறிப்பாக இலங்கையில் எழுதுவோருக்கு நிலைமை வேறாகும்.

ஒருங்குறி பரவுவதற்கு முன் இலங்கையில் பாமினி எழுத்துரு பரவலாகக் கையாளப்பட்டது. இன்றும் அச்சகங்களில் அது வழக்கொழியவில்லை. ஆங்கில எழுத்துகளின் குறியெண்கள்மீது தமிழ் வடிவங்களை வரைந்துவைத்தமை இவ்வெழுத்துருவின் அடிப்படை. 'தமிழ்' என்ற சொல்லை அதில் பதியும்போது கணினியில் சேமிக்கப்படுவன ஜே, கே, பி, ஓ என்னும் ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே. அவற்றைத் தமிழாகக் காட்டுவது எழுத்துரு மாத்திரமே. மறுநிறுவலில் எழுத்துரு நீங்கியதும் கோப்பு பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாய்த் தோன்றும். கோப்பு சிதைந்துவிட்டதென எண்ணி அதனை அழித்துவிடுவதே இந்நிலையில் நேரக்கூடிய பெருந் தவறு. உள்ளடக்கம் அழியவில்லை, அதற்கு வடிவந்தரும் சாதனமே இழக்கப்பட்டுள்ளது. உருவமும் உள்ளடக்கமும் பற்றி இலக்கிய விமர்சனத்தில் நாம் நிகழ்த்தும் விவாதம் இங்கு நடைமுறைப் பிரச்சினையாய் எதிர்ப்படுகின்றது.

பழைய எழுத்துருக்களை விண்டோஸ்.ஓல்ட் கோப்புறையினுள் 'விண்டோஸ்', 'பொன்ற்ஸ்' என்ற ஒழுங்கில் தேடலாம். அண்மைப் பதிப்புகளில் பயனர் தமக்கெனத் தனியே நிறுவிய எழுத்துருக்கள் அவரது கோப்புறையினுள் 'அப்டேற்றா' என்னும் மறைந்த பகுதியில் இருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டும் தெரிவை இயக்கினாலன்றி அது கண்ணிற்படாது. சொற்செயலியின் வார்ப்புருக்களும், எழுத்துத் திருத்தத்தின்போது பயனர் சேர்த்துவந்த சொல்லகராதியும் அங்கேயே உள்ளன. 'மறுகா', 'கிறுகு' முதலிய மட்டக்களப்பு வழக்குகளை ஓர் ஆய்வாளர் ஆண்டுக்கணக்கில் அவ்வகராதியில் சேர்த்திருப்பாராயின் அது வெறும் அமைப்பன்று; ஒரு வட்டார வழக்குச் சொற்றொகுதி. ஆயினும் அப்பகுதி முழுவதையும் அப்படியே புதிய கணக்கின்மேல் படியெடுத்தல் தகாது; பழைய அமைப்புகள் புதியவற்றோடு முரண்படக்கூடும். வேண்டியவற்றைத் தெரிந்தெடுத்து மாற்றுவதே முறை. எ-கலப்பை, அழகி போன்ற விசைச் செயலிகளை மீண்டும் நிறுவவே வேண்டும். செயலிகளைப் படியெடுத்து இயக்குதல் பெரும்பாலும் கைகூடாது.

எழுத்துருவை மீட்டபின் செய்யவேண்டியது ஒருங்குறிக்கு மாற்றுதலாகும். 1991 முதல் ஒருங்குறியில் தமிழுக்கெனத் தனியிடம் உண்டு. அதில் எழுதியது எந்த ஓர் எழுத்துருவையும் சார்ந்து நிற்பதில்லை. பொங்குதமிழ், என்.எச்.எம். போன்ற மாற்றிகள் இப்பணியைச் செய்வன. கட்டுரையினிடையே ஆங்கிலச் சொற்கள் இருப்பின் மாற்றி அவற்றையும் தமிழெழுத்துகளாகக் கருதிக் குழப்பிவிடும். எனவே பாமினியில் அமைந்த பகுதிகளை மட்டும் தெரிந்து மாற்றி, மூலத்தோடு ஒப்புநோக்குதல் வேண்டும். மூலக் கோப்பை அழித்தலாகாது. பெயரிழந்து மீண்ட கோப்புகளுள் தேடும்போதும் இவ்வறிவு பயன்படும். பாமினிக் கோப்பினுள் ஒரு சொல்லைத் தேடுவோர் அதன் பாமினிக் குறிகளைக்கொண்டே தேட வேண்டும். ஒருங்குறியில் தட்டச்சிட்டால் அச்சொல் அகப்படாது.

V

எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் வடமோடி, தென்மோடிக் கூத்துகளின் பிரதிகள் அண்ணாவிமாரின் ஏடுகளிலும் கொப்பிகளிலும் பேணப்பட்டு வந்தன. எப்.எக்ஸ்.சி. நடராசா 'மட்டக்களப்பு மான்மியம்' நூலை 1962இல் அச்சேற்ற முடிந்தமைக்கும், பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்துப் பிரதிகளைப் பதிப்பிக்க முடிந்தமைக்கும் இப்படியெடுக்கும் மரபே அடிப்படையாயிற்று. ஏட்டை எழுதியவரின் பெயர் பெரும்பாலும் அறியப்படாமற் போயினும் அவ்வுழைப்பின் பயன் சமூகத்துக்குக் கிட்டியது. பிரதியொன்று கறையான் வாய்ப்பட்டாலும் வேறொரு கிராமத்தில் மற்றொன்று இருக்கக்கூடும் என்ற வாய்ப்பு அம்மரபில் இருந்தது.

இன்றைய ஆய்வாளரின் சேகரிப்போ பெரும்பாலும் ஒரே பொறியில், ஒரே பயனர் பெயரின்கீழ் முடங்கிக் கிடக்கின்றது. 1978 நவம்பர் 23இன் சூறாவளியையும், கல்லடியையும் நாவலடியையும் சூறையாடிய 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலையையும் கண்ட பிரதேசம் இது. கணினிக்கு அருகிலேயே வைக்கப்பட்ட காப்பு நகல் இத்தகைய அழிவில் கணினியோடு சேர்ந்தே போகும். மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒன்று வேறிடத்தில் என்னும் பொது விதியை நமது நிலத்தின் மொழியிற் கூறுவதாயின், எழுவான்கரையில் ஒரு பிரதி இருப்பின் படுவான்கரையில் மற்றொன்று இருத்தல் வேண்டும்.

இதனைத் தனிமனித ஒழுக்கமாக மாத்திரம் விட்டுவிட இயலாது. 1981இல் வந்தாறுமூலையிற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாகிய நிறுவனம், இப்பிரதேசத்துக் கிராமங்களிலிருந்து மாணவர் திரட்டிவரும் பாடல்களுக்கும் கதைகளுக்கும் இயல்பான உறைவிடமாகும். ஆய்வேட்டின் அச்சுப் பிரதியோடு அதன் ஒருங்குறிக் கோப்பு, ஒலிப்பதிவுகள், கையாண்ட எழுத்துரு, சேர்த்த சொற்பட்டியல் ஆகியவற்றையும் பெற்றுப் பேணுவதைத் தமிழ்த் துறைகள் நியதியாக்கலாம். 2005 முதல் இயங்கிவரும் நூலகம் எண்ணிம நூலகம், பொதுச் சேமிப்பு சாத்தியமே என்பதற்குச் சான்றாக நம் கண்முன் உள்ளது.

பாடியவர் வயலிலும் வாவியிலும் உழைப்போர். கேட்டெழுதியவர் மாணவர். தட்டச்சிட்டவர் பெரும்பாலும் பெயர் குறிப்பிடப்படாத ஒரு பெண். இத்தனை பேரின் உழைப்பு ஒரு கோப்பினுள் உறைந்துள்ளது. அதனை மீட்கும் அறிவு திருத்தகத்தின் தனியுடைமையாக இல்லாது எழுதுவோர் அனைவரதும் பொதுவறிவாகும்போதே அவ்வுழைப்பு அதற்குரியோரிடம் மீண்டுசெல்லும்.