குளிர் குறைந்தால் யாரைக் கூப்பிடுவது?

லட்ச ரூபாய் ஃப்ரிட்ஜில் கோளாறு என்றால் நாமே கை வைக்கலாமா, கம்பெனி ஆளை அழைக்க வேண்டுமா? பதில் ஃப்ரிட்ஜின் விலையில் இல்லை. கோளாறு எங்கே என்பதில் இருக்கிறது.

இரட்டைக் கதவு, கதவிலேயே தண்ணீர்க் குழாய், தொட்டால் ஒளிரும் திரை. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய ஃப்ரிட்ஜ் ஒரு நாள் காலையில் பாலைத் திரியவிடுகிறது. மும்பையானாலும் கோவையானாலும் அடுத்து நடப்பது ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டில் ஒருவர் ஸ்க்ரூ டிரைவரைத் தேடுகிறார், இன்னொருவர் தொலைபேசியை. தெருமுனை மெக்கானிக் வருகிறார். பின்பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மூன்றே வார்த்தைகளில் தீர்ப்புச் சொல்கிறார்: "கேஸ் போயிடுச்சு சார்."

அந்த மூன்று வார்த்தைகளின் விலை சில ஆயிரம் ரூபாய். பல சமயங்களில் அது தண்டச் செலவு. ஃப்ரிட்ஜில் உள்ள வாயு, காரில் போடும் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் சமாச்சாரமல்ல. மூடி அடைத்த குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். வருடங்கள் ஆனாலும் தானாகக் குறையாது. குறைந்திருந்தால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அதை அடைக்காமல் வாயு நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. சில வாரங்களில் அதே மெக்கானிக்கை அதே வசனத்துக்காக மறுபடி அழைக்க நேரும்.

உயர் ரக ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களிடம் இரண்டு எதிரெதிரான நம்பிக்கைகள் உண்டு. இவ்வளவு விலை கொடுத்த பொருளைத் தொடவே கூடாது என்பது ஒன்று. இவர்கள் தூசி துடைப்பதற்கும் விசிட்டிங் சார்ஜ் கொடுக்கிறார்கள். மோட்டாரும் குழாயும் ஒயரும்தானே, நாமே பிரித்துப் பார்த்துவிடலாம் என்பது மற்றொன்று. இவர்கள் உயிரோடு விளையாடுகிறார்கள்.

கோத்ரெஜ் 1958இல் ஃப்ரிட்ஜ் தயாரிக்கத் தொடங்கிய காலத்து இயந்திரத்தில் ஒரு கம்ப்ரஸர், ஒரு தெர்மோஸ்டாட், ஒரு ரிலே, ஒரு விளக்கு. கையில் நாலு கருவி இருந்தால் பேட்டை மெக்கானிக்கே சரிசெய்துவிடுவார். இன்றைய உயர் ரக மாடலில் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்வர்ட்டர் கம்ப்ரஸர், எலக்ட்ரானிக் போர்டுகள், வெப்பத்தை அளக்கும் சென்ஸார்கள், குளிர்காற்றை விரட்டும் ஃபேன்கள், உறைபனியை உருக்கும் ஹீட்டர் எல்லாம் உண்டு. அமெரிக்காவின் ஸப்-ஸீரோ மாடல்கள் பலவற்றில் கம்ப்ரஸரே இரண்டு. ஆனாலும் கோளாறு எளிய இடங்களில் வருவது நின்றுவிடவில்லை.

நம் எல்லைக்குள்

முதலில் பார்க்க வேண்டியது சற்று வேடிக்கையானது. விலை உயர்ந்த பல மாடல்களில், கடையில் காட்சிக்கு வைப்பதற்கென்றே 'டெமோ' நிலை உண்டு. விளக்கு எரியும், திரை ஒளிரும், கம்ப்ரஸர் மட்டும் ஓடாது. வீட்டுக் குழந்தைகள் பொத்தான்களை அழுத்தி விளையாடினால் ஃப்ரிட்ஜ் இந்த நிலைக்குப் போய்விடக்கூடும். விடுவிக்கும் வழி கையேட்டிலேயே இருக்கும்.

அடுத்து கதவின் ரப்பர். ஒரு ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையின்றி வந்துவிட்டால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. வெந்நீரும் சோப்பும் கொண்டு ரப்பரைத் துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரலாம். தீராவிட்டால் புது ரப்பர் போடவேண்டும்.

பிறகு காற்று. உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுவதுதான் ஃப்ரிட்ஜின் வேலை. வெப்பம் வெளியேறும் கம்பிச் சுருளில் டில்லித் தூசியோ, சமையலறை எண்ணெய்ப் பிசுக்கோ படிந்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். கம்பிச் சுருள் வெளியே தெரிகிற மாடல்களில், பிளக்கைப் பிடுங்கிவிட்டு மென்மையான பிரஷ்ஷால் சுத்தம் செய்ய எந்த நிபுணரும் தேவையில்லை. பல மாடல்களில் இந்தச் சுருள் பக்கச் சுவர்களுக்குள் ஒளிந்திருக்கிறது. அவற்றில் பக்கவாட்டுச் சூடு கோளாறல்ல. சுவரோடு ஒட்டித் தள்ளி வைத்திருப்பதுதான் கோளாறு.

காய்கறித் தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்குகிறதா? உருகிய பனிநீர் வெளியேறும் துளை பெரும்பாலும் அடைத்திருக்கும். வெதுவெதுப்பான நீரை மெல்ல ஊற்றினால் திறந்துகொள்ளும். ஃப்ரீஸர் சரியாக இருந்து கீழறை மட்டும் குளிரவில்லையா? காற்று வரும் துளைகளைப் பாத்திரங்கள் மறைத்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்படியும் சரியாகாவிட்டால் காசில்லாத ஒரு சோதனை இருக்கிறது. பொருள்களை அப்புறப்படுத்தி, பிளக்கைப் பிடுங்கி, கதவுகளைத் திறந்து வைத்து ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். மறுபடி இயக்கியதும் கீழறை 3 அல்லது 4 டிகிரிக்கும், ஃப்ரீஸர் மைனஸ் 18 டிகிரிக்கும் இறங்கி, சில நாள் நன்றாக ஓடி, பிறகு பழைய கதை ஆரம்பித்தால் சந்தேகப்பட வேண்டியது வாயுவை அல்ல. பனி உருக்கும் ஏற்பாட்டில், அதாவது ஹீட்டரிலோ சென்ஸாரிலோ, கோளாறு இருக்கலாம். வாயு போயிருந்தால் அந்தச் சில நாள்கூட ஓடியிருக்காது. இந்த ஒரு தகவலோடு டெக்னீஷியனை அழைத்தால் பேச்சே வேறு விதமாக இருக்கும்.

கை வைக்கக் கூடாத இடம்

எல்லைக்கோடு இரண்டு இடங்களில் ஓடுகிறது. ஒன்று வாயுக் குழாய், மற்றொன்று எலக்ட்ரானிக் போர்டு.

ஓசோன் படலத்தைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 1992இல் சேர்ந்தது. பழைய ஆர்-12 வாயு இங்கே 2010க்குள் விடைபெற்றது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல் வீரியமுள்ளது. இன்றைய வீட்டு ஃப்ரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்-600ஏ எனப்படும் ஐஸோபியூட்டேன். சூழலுக்கு நல்லது, ஆனால் சமையல் வாயுவின் நெருங்கிய உறவு. தீப்பற்றும்.

ஒரு ஃப்ரிட்ஜில் இது 100 கிராமுக்கும் குறைவாகவே இருப்பது வழக்கம். சமையல் சிலிண்டரில் 14.2 கிலோ இருப்பதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை என்று தோன்றும். கணக்குப் போட்டால் அப்படித் தோன்றாது. 60 கிராம் ஐஸோபியூட்டேன் கசிந்தால் சுமார் 24 லிட்டர் வாயு. காற்றோட்டமுள்ள சமையலறையில் அது கலைந்து காணாமல் போகும். அதுவே 300 லிட்டர் ஃப்ரிட்ஜுக்குள், கதவு மூடிய நிலையில் கசிந்தால் 8 சதவீதம். காற்றில் 2 சதவீதத்தை நெருங்கினாலே பற்றிக்கொள்ளக்கூடிய வாயு இது. மிச்சம் தேவைப்படுவது ஒரு பொறிதான்.

2022 நவம்பரில் சென்னையை அடுத்த ஊரப்பாக்கத்தில், வெகுநாள் பூட்டியிருந்த வீட்டில் ஃப்ரிட்ஜ் வெடித்ததாகக் கூறப்பட்ட விபத்தில் மூன்று பேர் இறந்தனர். 2023 அக்டோபரில் பஞ்சாபின் ஜலந்தரில் ஒரு குடும்பத்தையே பலி கொண்ட தீ விபத்துக்கு ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரே காரணம் என்று முதல் தகவல்கள் கூறின. இத்தகைய விபத்துகள் அபூர்வம். ஆனால் உறைபனியைக் கத்தியால் குத்திக் குழாயை ஓட்டையாக்குவதும், ஆர்-134ஏ மாடலில் மலிவுக்காக ஆர்-600ஏ நிரப்பச் சொல்வதும் அபூர்வத்தை வரவழைக்கிற காரியங்கள்.

எலக்ட்ரானிக் போர்டின் ஆபத்து வேறு வகை. வீட்டுக்கு வரும் 230 வோல்ட், இன்வர்ட்டர் போர்டுக்குள் சுமார் 325 வோல்ட் நேர் மின்சாரமாகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சிறிது நேரம் தங்கியிருக்கும். தொட்டால் உதறித் தள்ளிவிடும்.

வருபவரை எடைபோடுங்கள்

நிபுணரை அழைப்பது என்று முடிவான பிறகும் நம் வேலை முடிவதில்லை. வாயு குறைந்துவிட்டது என்று அவர் சொன்னால் கேட்க வேண்டிய கேள்வி: "ஓட்டை எங்கே?"

முறையாக வேலை செய்பவர் நைட்ரஜன் அழுத்தம் கொடுத்துக் கசிவைத் தேடுவார். ஓட்டையை அடைத்து, ஃபில்டரை மாற்றுவார். வாக்குவம் பம்ப் போட்டு ஈரத்தை உறிஞ்சுவார். தராசில் நிறுத்து, பின்பக்க ஸ்டிக்கரில் எழுதியுள்ள கிராம் அளவுக்கு வாயு நிரப்புவார். பம்ப்பும் தராசும் இல்லாமல் வெறும் சிலிண்டரோடு வருபவரை அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம். ஆர்-600ஏ இருக்கிற குழாயில் நெருப்புச் சுடர் காட்டுபவரை உடனே வெளியேற்றுங்கள்.

போர்டு போய்விட்டது என்றால் என்ன பிழைக் குறியீடு காட்டியது, எதை அளந்து பார்த்தார் என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். செய்த வேலை, போட்ட பாகம், கொடுக்கும் உத்தரவாதம் மூன்றும் பில்லில் இருக்க வேண்டும்.

இன்னொரு வலையும் இருக்கிறது. இணையத்தில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்களில் போலிகள் உண்டு. முன்பணம் அனுப்பச் சொன்னாலோ, ஏதோ செயலியைப் போனில் ஏற்றச் சொன்னாலோ அது ஃப்ரிட்ஜ் கம்பெனி அல்ல. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்குச் சொல்ல வேண்டும். கையேட்டிலோ பில்லிலோ அச்சிட்ட எண்ணை மட்டும் நம்புவது நல்லது.

வாரண்டி என்ற வார்த்தை

கம்ப்ரஸருக்கு 10 வருட வாரண்டி என்ற விளம்பரத்தைப் பார்த்து மயங்குபவர்கள் அட்டையைப் படிப்பதில்லை. முழு இயந்திரத்துக்கும் உத்தரவாதம் பெரும்பாலும் ஒரு வருடம்தான். 10 வருடம் என்பது கம்ப்ரஸர் என்ற பாகத்துக்கு மட்டும். வாயு, கூலி, வண்டிச் செலவு நம் தலையில் விழலாம். வெளியாள் பிரித்தது தெரிந்தால் அந்தப் பாக உத்தரவாதமும் மறுக்கப்படலாம். ஆகவே வாரண்டி உள்ளவரை துடைப்பதற்கு மேல் எதையும் நாமே செய்வது லாபமல்ல.

கம்பெனி இழுத்தடித்தால் வழியில்லாமல் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. பாகங்களும் ரிப்பேர் விவரங்களும் வாங்கியவருக்குக் கிடைக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையத்தளத்தைத் தொடங்கியது. வீட்டு உபயோகச் சாதனங்களும் அதில் அடக்கம்.

ரிப்பேரா, புதிதா?

ரிப்பேர்ச் செலவு புது ஃப்ரிட்ஜ் விலையில் பாதியைத் தொட்டு, வயதும் 10 வருடத்தைத் தாண்டியிருந்தால் விடைகொடுப்பதே சிக்கனம். சுவருக்குள் மறைந்திருக்கும் குழாயில் ஓட்டை என்றால் இன்னும் சீக்கிரமாகவே முடிவெடுக்கலாம். மர அலமாரிக்குள் பொருத்திய, பல லட்ச ரூபாய் இறக்குமதி மாடல்களுக்குக் கணக்கு வேறு. மாற்றினால் அலமாரியையும் இடிக்க நேரும் என்பதால் பெரிய ரிப்பேர்கூடக் கட்டுப்படியாகும். பாகம் வரும் வரை காத்திருக்கும் பொறுமைதான் வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் ஐந்து நிமிட வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. மாடல் எண், வாங்கிய தேதி, வாயுவின் பெயர், அதன் கிராம் அளவு, கம்பெனியின் சேவை எண் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜின் பக்கவாட்டில் ஒட்டிவிடுங்கள். பால் திரிகிற காலையில் யாரும் கையேட்டைத் தேடிக் கண்டுபிடித்ததில்லை.