பெட்டி வந்தது, பாகம் பொருந்தவில்லை

அமெரிக்காவில் 1980 முதல் 1991 வரையிலான மாடல்களாக விற்ற ஃபோக்ஸ்வேகன் 'வானகன்' வேன்களில் பல இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மேலே தூக்கிவிடும் கூரை, மடக்குப் படுக்கை, அடுப்பு என்று வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் வீடாகவே மாற்றிக் கொடுத்த ரகத்துக்கு இப்போதும் ஏக கிராக்கி. வேனை வாங்கிவிடலாம். அதற்கு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குவதுதான் பெரும்பாடு.

சாதாரணக் கார் பாகங்கள் விற்கும் கடைகளில் இந்த வேனுக்கு ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் போன்றவை கிடைக்கலாம். அதைத் தாண்டி எது கேட்டாலும் கைவிரிப்புதான். ஆகவே, எங்கோ ஒரு மாநிலத்தில் இருக்கும் சிறப்புக் கடைக்கு ஆர்டர் போட்டுவிட்டுப் பார்சலுக்குக் காத்திருக்க வேண்டும். தபால் வழியாக வாகன உதிரிபாகம் விற்பது அந்த நாட்டுக்குப் புதிதல்ல. 1915-இல் சிகாகோவில் பழைய இரும்புக் கடையாகத் தொடங்கிய ஜே.சி. விட்னி, தடிமனான கேட்டலாக் அனுப்பியே பல தலைமுறை வண்டிக்காரர்களுக்குப் பழக்கமான பெயரானது.

முதல் சிக்கல், வண்டியின் வயது. ஃபோக்ஸ்வேகனின் மாடல் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை, ஆகஸ்டு வாக்கில் பிறக்கிறது. 1985 அக்டோபரில் தயாரான வேன், கணக்குப்படி 1986 மாடல். இந்த ஓராண்டு வித்தியாசம் சின்ன விஷயமல்ல. 1985 மாடலில் இருந்தது 1.9 லிட்டர் இன்ஜின். அதற்குப் பெட்ரோல் செலுத்திய அமைப்பு டிஜிஜெட். 1986-இல் 2.1 லிட்டர் இன்ஜினும் டிஜிஃபான்ட் அமைப்பும் வந்தன. ஒன்றின் கட்டுப்பாட்டுப் பெட்டி இன்னொன்றுக்கு ஆகாது. தயாரான ஆண்டை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டவருக்கு அழகாகப் பேக் செய்த தவறான பாகம் வந்து சேரும். போதாக்குறைக்கு, முந்தைய உரிமையாளர் யாராவது வேறு இன்ஜினையே மாட்டியிருந்தால் மாடல் ஆண்டைச் சரியாகச் சொல்லியும் பயனில்லை.

இந்தக் குழப்பத்தில் கைகொடுப்பது பாக எண். ஃபோக்ஸ்வேகன் பாகங்களில் பொதுவாக ஒன்பது இலக்கங்களும், சிலவற்றில் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் மூன்று இலக்கங்கள் வண்டியின் வகை. வானகனுக்கே உரிய பாகங்களில் அது பெரும்பாலும் 251. நான்காவது இலக்கம் பிரிவைச் சொல்லும்: 1 என்றால் இன்ஜின், 6 என்றால் சக்கரமும் பிரேக்கும், 9 என்றால் மின்சாரம். இடம், வலம் என்று ஜோடியாக வரும் பாகங்களில் ஒன்பதாவது இலக்கம் ஒற்றைப்படையானால் இடப்பக்கம், இரட்டைப்படையானால் வலப்பக்கம். கடைசி எழுத்து, பொதுவாக அந்தப் பாகம் திருத்தப்பட்டதைக் காட்டும். A-க்குப் பதிலாக C வந்தால் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம். கேட்டுவிட்டு வாங்குவதே உத்தமம்.

அடுத்த தலைவலி, தரம். தண்ணீரால் குளிரூட்டப்படும் வானகன்களுக்கு இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் முன்னால். இரண்டுக்கும் நடுவே வண்டியின் அடியில் நீளமான குழாய்கள் ஓடுகின்றன. இரு முனைகளிலும் ஏகப்பட்ட ரப்பர் ஹோஸ்கள். ஒவ்வொன்றும் தனி வளைவில் வார்க்கப்பட்டது. மாற்றுத் தயாரிப்பாளர் அந்த வளைவில் கொஞ்சம் பிசகினாலும், மாட்டும்போது ஹோஸ் மடிந்து தண்ணீர் ஓட்டத்தை நெரிக்கும். இல்லையென்றால் பக்கத்து இரும்பில் உரசி உரசித் தேயும். திரையில் பார்க்கும் படத்தில் இதெல்லாம் தெரியாது. ஒரிஜினலே வேண்டும் என்று தேடிப்பிடித்துப் பழைய ஸ்டாக் வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் கிழடு தட்டும். இருபது வருஷம் கிடங்கில் கிடந்த 'புத்தம் புதிய' ஹோஸில் மாட்டிய கொஞ்ச நாளிலேயே வெடிப்பு விழலாம்.

பணத்திலும் ஒரு முடிச்சு இருக்கிறது. ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர், ஸ்டீயரிங் ரேக் போன்றவை பெரும்பாலும் பழையதைப் பிரித்துப் புதுப்பித்தே விற்கப்படுகின்றன. விலையோடு 'கோர் சார்ஜ்' என்று ஒரு முன்பணமும் கட்ட வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பி அனுப்பினால் அது கைக்கு வரும். கனமான அந்த இரும்பைப் பேக் செய்து அனுப்பும் செலவு பல நேரங்களில் வாங்கியவர் தலையில்தான். பழையது உடைந்திருந்தால் முன்பணமும் போச்சு.

பார்சல் தாமதமானால் மட்டும் வாங்கியவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 1975-இல் வகுத்த விதிப்படி, கடைக்காரர் சொன்ன தேதிக்குள் சரக்கை அனுப்ப வேண்டும். தேதி சொல்லவில்லை என்றால் பொதுவாக 30 நாள் கெடு. முடியாவிட்டால் வாடிக்கையாளருக்குத் தெரிவித்து, ஆர்டரை ரத்து செய்து முழுப் பணத்தையும் திரும்பப் பெறும் வாய்ப்பைத் தர வேண்டும். தபாலுக்காக எழுதிய இந்த விதி பின்னர் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் விரிந்தது. ஆனால், வாங்கியவரே மாடலைத் தவறாகச் சொல்லி வரவழைத்த பாகத்துக்கு இது உதவாது.

எனவே ஆர்டர் போடும் முன் சேஸிஸ் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதன் பத்தாவது எழுத்து மாடல் ஆண்டைச் சொல்லிவிடும்: F என்றால் 1985, G என்றால் 1986. பழைய பாகத்தில் பொறித்த எண்ணைப் படமெடுத்துக் கடைக்கு அனுப்புங்கள். திருப்பி அனுப்பும் நிபந்தனைகளைப் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள். புதியது மாட்டி வண்டி ஓடும்வரை பழையதைத் தூக்கி எறிய வேண்டாம்.