தறி இல்லாமல் ஒரு கம்பளம்



நெசவு என்றால் நமக்குத் தெரியும். பாவு வேணும், ஊடை வேணும், தறி வேணும். ஆனால் நூலும் நூற்காமல், தறியும் இல்லாமல் கம்பளம் செய்கிறார்கள் என்றால் நம்ப முடிகிறதா? காஷ்மீரிலும், குஜராத்தின் கட்ச் பகுதியிலும், ராஜஸ்தானின் டோங்க் ஊரிலும் இந்தத் தொழில் இருக்கிறது. அந்தக் கம்பளத்துக்குப் பெயர் நம்தா.

எப்படி செய்றாங்க?

செம்மறி ஆட்டு உரோமத்தைக் கழுவிக் காயவைத்து, பஞ்சு மாதிரி கொட்டி எடுக்கிறார்கள். அதைப் பாய் மேல் அடுக்கடுக்காகப் பரப்புகிறார்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து, பாயோடு இறுக்கிச் சுருட்டி, கையாலும் காலாலும் உருட்டி உருட்டி மிதிக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் உரோமம் ஒன்றோடொன்று பின்னி, கெட்டியான விரிப்பாகி இருக்கும். அப்புறம் அலசிக் காயவைக்க வேண்டியதுதான். காஷ்மீரில் இதன் மேல் கொக்கி ஊசியால் சங்கிலித் தையல் போடுவார்கள். நம்ம ஊரில் ஜாக்கெட்டுக்குப் போடும் ஆரி வேலைதான் அது.

ஏன் ஒட்டிக்கொள்கிறது?

ஆட்டு உரோமத்தின் மேல் மீன் செதில் போல மிக நுண்ணிய செதில்கள் உண்டு. சூடும் ஈரமும் பட்டு, தேய்ப்பும் சேர்ந்தால், அவை ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும். திரும்பப் பிரியாது. தலைக்கு எண்ணெய் வைக்காமல், சீவாமல் விட்டால் சடை விழுகிறதே, அது மாதிரி. கம்பளி ஸ்வெட்டரை வெந்நீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கிப் போவதும் இதனால்தான். பருத்திக்குச் செதில் இல்லை. அதனால் அது இப்படிப் பின்னாது. இறுக இறுக விரிப்பு சுருங்கும் என்பதால், முதலிலேயே வேண்டிய அளவை விடப் பெரிதாகப் பரப்ப வேண்டும்.

நமக்கு இதில் என்ன பாடம்?

இவ்வளவு அழகான தொழில். ஆனாலும் 1998 முதல் 2008 வரையிலான பத்து ஆண்டுகளில் காஷ்மீர் நம்தா ஏற்றுமதி ஏறக்குறைய நின்றே போனது. மூலப்பொருள் சரியாகக் கிடைக்கவில்லை, தொழில் தெரிந்த ஆட்கள் குறைந்தார்கள், சந்தைப்படுத்தத் தெரியவில்லை என்று மூன்று காரணம் சொன்னார்கள். பிறகு மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில் 6 மாவட்டங்களில் சுமார் 2,200 பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் செய்த பொருட்கள் 2023 ஜூலையில் இங்கிலாந்துக்குப் புறப்பட்டன. பயிற்சியோடு விற்பனைக்கும் வழி செய்ததால்தான் இது நடந்தது.

"நாமும் செய்யலாமே" என்று சிலருக்குத் தோன்றும். தோன்றட்டும். ஆனால் முதலில் உரோமம் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். மேச்சேரி, கீழக்கரிசல் ஆடுகள் முடி ஆடுகள், கம்பளிக்கு ஆகாது. நீலகிரி ஆடும், கோயம்புத்தூர் குரும்பை ஆடும் கம்பளி தரும். நீலகிரி ஆடோ மிகவும் குறைந்துபோய்விட்டது. ஆக, முதல் கேள்வியிலேயே நாம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி முடிந்த சூட்டோடு கடன் வாங்கி, பொருளும் செய்துவிட்டு, விற்க வழி தெரியாமல் மூட்டை கட்டி வைத்த குழுக்கள் நம்மிடமும் உண்டு. பொருள் மூட்டையில் தூங்கியது, வட்டி தூங்கவில்லை. கைத்திறமை இல்லாமல் அந்தத் தொழில் படுக்கவில்லை. கேட்க வேண்டியதை முன்னாடியே கேட்காததால்தான் படுத்தது.

அதனால் பாய் பின்னுவதோ, சணல் பையோ, எந்தத் தொழிலாக இருந்தாலும், கடன் தீர்மானம் எழுதுவதற்கு முன் குழுக் கூட்டத்தில் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. மூலப்பொருள் வருஷம் முழுக்க, கட்டுப்படியாகும் விலையில் கிடைக்குமா?
2. வேலை தெரிந்தவர் நம் குழுவில் எத்தனை பேர்?
3. யார் வாங்குவார்கள், என்ன விலைக்கு? நம் கூலியையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டோமா?

மூன்றுக்கும் பதில் கிடைத்தால் துணிந்து இறங்குவோம். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும், அது கிடைக்கும் வரை கடனைத் தள்ளி வைப்போம்.